ஆளுக்கு ஒரு காது

எங்கள் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்தவள் நான்தான். அதற்கு முன்னால் அது ஒரே வகுப்பு. ஜூன் மாதம் கல்லூரி திறந்த வாரத்தில் ஒரு எவர்சில்வர் சம்படத்தில் பெயர்களைச் சுருட்டிப் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, இவள் ஏ செக்ஷன், இவள் பி செக்ஷன் என்று வாசித்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே பெஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்ததுகள் எல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போயின. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட. இனி வகுப்பில் பேச்சுச் சத்தம் குறையும் என்று நினைத்தேன்.

எல்லாம் என் பிஎச்.டி.க்காக. நேர் வகுப்பையும் செல்போன் வீடியோவையும் கலந்து பாடம் நடத்தினால் கல்லூரிப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பது என் ஆராய்ச்சி. முழுத் தலைப்பைச் சொன்னால் உங்களுக்கு மூச்சு வாங்கும், விட்டுவிடுகிறேன். ஏ செக்ஷனுக்கு எல்லா நேரமும் நேர் வகுப்பு. தற்காலிக விரிவுரையாளராக இருக்கும் கிறிஸ்டி எடுப்பாள். பி செக்ஷனுக்கு வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் என்னோடு வகுப்பு, மீதியெல்லாம் நான் பேசிப் பதிவு செய்த வீடியோ. அதைக் கல்லூரியின் ஆப்பில் பி செக்ஷன் பிள்ளைகள் மட்டும்தான் திறக்க முடியும். இரண்டு பக்கமும் பாடம் ஒன்று, காஸ்ட் அக்கவுண்டிங். பரீட்சையும் ஒன்று. கடைசியில் எந்தப் பக்கம் நன்றாகப் படித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஏ செக்ஷன்ல ஒருத்திக்கு இந்த வீடியோவ அனுப்புனது தெரிஞ்சுது, அப்புறம் என்னோட இன்னொரு முகத்தப் பாப்பீங்க" என்று பி செக்ஷனிடம் சொல்லிவைத்தேன். அந்த முகத்தை அவர்கள் முதலாம் ஆண்டிலேயே பார்த்திருந்தபடியால் ஒழுங்காகத் தலையை ஆட்டினார்கள்.

வீடியோவைத் தென்காசியில் எங்கள் வீட்டில்தான் எடுப்பேன். மீன்காரர் ஹாரனும் பக்கத்து வீட்டுக் குக்கரும் ஓய்ந்த மத்தியானத்தில் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, பீரோவைப் பார்த்து நின்றுகொண்டு பேசுவேன். என் வீட்டுக்காரர் பாண்டிராஜ் போலீஸில் ஏட்டு. சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிற டியூட்டி. முதல் வீடியோவைப் பார்த்துவிட்டு அவர்தான் கேட்டார்.

"நடுவுல நடுவுல ஏன் வாயடச்சுப் போய் நிக்கே?"

"புரிஞ்சுதான்னு கேக்கேன்லா? பதில் சொல்ல நேரம் குடுக்காண்டாமா?"

"யாரு, அந்த பீரோவா பதில் சொல்லப் போவுது?"

வெட்டிவிடச் சொன்னார். நான் வெட்டவில்லை. வகுப்பில் ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்ததும் புரிஞ்சுதா என்று கேட்டுவிட்டு முகங்களைப் பார்ப்பது என் பழக்கம். முகங்கள் இல்லாவிட்டாலும் பழக்கம் போகவில்லை.

ஆகஸ்டில் இரண்டாவது இன்டர்னல் பரீட்சை முடிந்து, மதிப்பெண்களை ஏற்றிப் பார்த்தபோது இரண்டு செக்ஷனும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. முதல் பரீட்சையிலும் அப்படித்தான் வந்திருந்தது. திருநெல்வேலியில் இருக்கும் என் கைடுக்கு உடனே போன் போட்டேன். அவர் குரலில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"ரொம்ப சுத்தமான ரிசல்ட்மா. நேர் வகுப்புக்கும் கலந்து நடத்துறதுக்கும் வித்தியாசமே இல்ல. எழுத ஆரம்பிங்க. டிசம்பருக்குள்ள குடுத்துரலாம்" என்றார். டிசம்பர்தான் எனக்குக் கொடுத்திருந்த கடைசித் தவணை. பட்டம் வந்தால் பதவி உயர்வும் கூடவே வரும். அன்றைக்குச் சாயங்காலம் முந்திரிப் பருப்பை அள்ளிப் போட்டு கேசரி கிண்டினேன்.

கேசரி ஜீரணமாகும் முன்பே செகரட்டரி கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் கல்லூரிச் செகரட்டரி மகாராஜா சாருக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி. நல்ல மனிதர்தான். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் தாமே போய் அணைத்துவிட்டு வருவார், அந்த வகை.

"ஒங்க ஆராய்ச்சியில ரெண்டும் ஒண்ணுதான்னு வந்திருக்காமே? பிரின்சிபால் சொன்னாவ. ரொம்ப சந்தோசம்மா."

"ஆமா சார்."

"அப்ப ஒரு தடவ வீடியோ எடுத்து வச்சிட்டா வருசா வருசம் அதுவே ஓடிக்கிடும்லா? எதுக்குத் தனியா ஒரு ஆளப் போட்டு நேர் வகுப்பு?"

அந்த ஆள் கிறிஸ்டி என்பது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"சார், இது ஆராய்ச்சிக்காக..."

"ஆராய்ச்சி எதுக்கும்மா செய்யுதோம்? செயல்படுத்தத்தானே. அடுத்த செமஸ்டர்ல இருந்து பி செக்ஷன் மாதிரியே எல்லாருக்கும் வச்சிருவோம். புதன்கிழம கமிட்டில பேசி முடிச்சிருதேன். அந்தப் பிள்ளைகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிருங்க."

பக்குவமாகச் சொல்வதற்கு எனக்கு எப்போது வந்தது? ஸ்டாஃப் ரூமில் கிறிஸ்டி டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தபோது நேராகச் சொல்லிவிட்டேன். அவளுக்குப் புளியங்குடியில்தான் வீடு. மாமனார் எலுமிச்சை லோடு அடிக்கும் லாரி டிரைவர், வீட்டுக்காரருக்கு நிலையான வேலை கிடையாது, பெண் குழந்தை இப்போதுதான் பள்ளிக்கூடம் போகிறது. மூடியை மறுபடியும் டிபன் பாக்ஸின் மேல் வைத்துவிட்டு, "பரவால்லக்கா. ஒங்க ரிசல்ட் நல்லா வந்துச்சுல்லா, அது போதும்" என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஏட்டி, என்னத் திட்டித் தொலையேன்" என்றேன்.

"எதுக்குத் திட்டணும்? கணக்கு வந்தா வந்ததுதானக்கா. நான் நடத்துனதும் வீடியோ நடத்துனதும் ஒண்ணுன்னா, அவிய எதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்கணும்?"

மதிப்பெண்களை மறுபடி ஏற்றிப் பார்த்தேன், எங்காவது தப்பு செய்திருக்கமாட்டேனா என்று. தப்பு இல்லை. ஆராய்ச்சி செய்கிறவள் இன்ன விடைதான் வரவேண்டும் என்று ஆசைப்படக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். நான் ஆசைப்பட்டேன். ஏ செக்ஷன் நாலு மார்க்காவது கூட வாங்கியிருக்கக் கூடாதா என்று அந்தப் பிள்ளைகள் மேல் கோபம்கூட வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்டியை வம்படியாக ஐந்தருவிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சீசன் முடியப்போகிற நேரம், ஆனால் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. தலைக்குள் இருக்கிற குப்பையெல்லாம் போகட்டும் என்று இரண்டு பேரும் ஆசை தீர நின்றோம். வேலை போகப்போகிறவளும் அதற்குக் காரணமானவளும் ஒரே அருவியில் தோளோடு தோள் நின்று குளித்தால் பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? அக்கா தங்கச்சி என்று நினைத்திருப்பார்கள். உடை மாற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு பழக்கடைகள் பக்கமாக நடந்து வந்தோம்.

"கூடுதலா ஒரு ஆள் தங்குறதால லாட்ஜ்காரருக்கு என்ன செலவு கூடும்? ஒரு சோப்பு, ஒரு போர்வை வெளுக்குற கூலி. ரூம் ஏற்கெனவே கட்டின ரூம்தானே. புரிஞ்சுதா?"

என் குரல். அருவிச் சத்தத்தையும், காணாமல் போன பிள்ளையின் சட்டைக் கலரை மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த போலீஸ் குரலையும் மீறி, என் குரல். கிறிஸ்டி திரும்பி என் வாயைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவே இல்லை.

மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்திருந்த ஒரு கடையில் அனுசியா நின்றிருந்தாள். வடகரைப் பிள்ளை, ஏ செக்ஷன். சீசனுக்கு அவள் அம்மா போடுகிற கடை அது. ரம்புட்டான் கூடையில் சாய்த்து வைத்திருந்த செல்போனில் நான் கை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். அனுசியா எங்களைப் பார்த்ததும், தராசில் வைக்கப்போன பழம் கையிலிருந்து விழுந்து உருண்டது.

"ஏட்டி அனுசியா. நீ ஏ செக்ஷன்லா?"

"ஆமா மேம்."

"இது பி செக்ஷன் வீடியோலா?"

"ஆமா மேம்."

"யாரு ஒனக்கு அனுப்புனா?"

"யாரும் அனுப்பல மேம். இது ஜுஹைனா போனு."

பேரைச் சொல்லி வாய் மூடவில்லை, இரண்டு கையிலும் சுக்குக் காப்பி டம்ளரோடு ஜுஹைனாவே வந்து நின்றாள். இவள் பி செக்ஷன். அனுசியாவுக்கு அடுத்த தெருக்காரி. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு ஒரு கை உதவியாக வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். டம்ளரைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு நியாயம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்க அனுப்பக் கூடாதுன்னுதான மேம் சொன்னீங்க. நாங்க ஒரு வீடியோகூட அனுப்பல. கூட உக்காந்து பாக்கோம், அவ்வளவுதான்."

"எங்க உக்காந்து?"

"பஸ்ல மேம். வடகரையில ஏறுனா தென்காசி வரைக்கும். ஹெட்செட்ல ஆளுக்கு ஒரு காது."

"நீங்க ரெண்டு பேரு மட்டுமா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எல்லாரும்தான் மேம்" என்றாள் அனுசியா மெதுவாக. சுரண்டை பஸ்ஸில் அப்படித்தான், கடையநல்லூர் பஸ்ஸில் அப்படித்தான், விடுதியிலும் அப்படித்தான். நான் வகுப்பைத்தான் சீட்டுப் போட்டுப் பிரித்தேன், பஸ்ஸைப் பிரிக்கவில்லை. ஊர் ஊராக ஏயும் பியும் ஒரே சீட்டில் உட்கார்ந்துதான் வந்திருக்கின்றன.

"ஏன்டி இப்படிச் செஞ்சீங்க?"

"பாவம்லா மேம் அவ" என்றாள் ஜுஹைனா. "பக்கத்துல ஒருத்தி சும்மா உக்காந்திருக்கும்போது நான் மட்டும் எப்படிப் பாக்க?"

தின்கிற பண்டத்தைப் பற்றிப் பேசுகிறவள் மாதிரிதான் சொன்னாள். எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் ஒரு பொட்டலத்தைப் பிரித்தால் முதலில் பக்கத்துச் சீட்டுக்கு நீட்டிவிட்டுத்தான் வாயில் போடுவோம். இவள் வீட்டில் நோன்புக் கஞ்சி காய்ச்சினால் ஒரு தூக்குவாளி அனுசியா வீட்டுக்குப் போகும், தீபாவளி முறுக்கு இவள் வீட்டுக்கு வரும். அப்படி வளர்ந்ததுகளிடம் போய் இது உனக்கு மட்டும், அவளுக்குக் கிடையாது என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். எந்த ஊர்ப் புத்தகத்தைப் படித்துவிட்டு இந்த ஏற்பாட்டைச் செய்தேனோ, அந்த ஊரில் வேண்டுமானால் அது பலித்திருக்கும்.

அப்போது இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது கத்தினேன். என் ஆராய்ச்சி நாசமாகப் போயிற்று, இத்தனை மாத உழைப்பு மண்ணாகப் போயிற்று என்று நான் போட்ட சத்தத்தில், ரம்புட்டானைக் கையில் எடுத்த ஒருவர் அதைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது கிறிஸ்டி இடையில் புகுந்தாள்.

"ஜுஹைனா, வீடியோவ மட்டும் பாத்தா ஒனக்குப் புரிஞ்சிருமா?"

"எங்க மேம். உமா மேம் பாட்டுக்கு வேகமாப் போயிருவாங்க. நிறுத்தி நிறுத்திப் பாத்தாலும் பாதிதான். மீதிய இவதான் சொல்லித் தருவா. நீங்க கிளாஸ்ல சொல்லுவீங்கள்லா, எலுமிச்சம்பழ லாரி. அத வச்சு."

"அப்ப ஒனக்கு எதுக்குட்டி வீடியோ?" என்று கிறிஸ்டி அனுசியாவைக் கேட்டாள்.

"சீசன்ல கடைக்கு ஆள் இல்லன்னா நான் கிளாஸுக்கு வர முடியாது மேம். விட்ட பாடத்துக்கு வீடியோதான். நீங்க நடத்துனதயும் மறுபடி ஒருக்கா அதுல பாத்துக்கிடுவேன்."

கிறிஸ்டி என் பக்கம் திரும்பினாள். சில நாளாக அவள் முகத்தில் இல்லாத தெம்பு இருந்தது. எனக்கும் அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நேர் வகுப்பு மட்டும் படித்த பிள்ளையும் இல்லை, வீடியோவை நம்பிப் படித்த பிள்ளையும் இல்லை. எல்லாப் பிள்ளையும் இரண்டையும் படித்திருக்கிறது. கிறிஸ்டியின் வகுப்பு இரண்டு செக்ஷனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. பிறகு மதிப்பெண் ஒன்றுபோல வராமல் எப்படி வரும்?

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் வேறு தொப்பியைச் சரிசெய்துகொண்டே வந்துவிட்டார், ஏதோ பிக்பாக்கெட் என்று நினைத்து. விஷயத்தைக் கேட்டுவிட்டு அருவிப் பக்கம் கையைக் காட்டினார்.

"நாங்களுந்தான் இங்கன ஆம்பள பக்கம், பொம்பள பக்கம்னு பிரிச்சு விடுதோம். சாரலுக்கு யாரு கயிறு கட்டுவா?"

வீட்டில் வைத்துச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். யூனிஃபார்மில் இருந்ததால் விட்டுவிட்டேன். அனுசியா ஒரு பை நிறைய மங்குஸ்தான் கட்டிக் கொடுத்தாள். கோபமாக இருந்ததால் வேண்டாம் என்றேன். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் கிறிஸ்டியும் நானும் பாதியைத் தின்று தீர்த்திருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் கைடுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் ஒன்றுதான் கேட்டார்.

"இது எத்தன பேருக்கும்மா தெரியும்?"

"ரெண்டு செக்ஷனுக்கும் தெரியும் சார். ஒங்களுக்கும் எனக்கும்தான் தெரியாம இருந்திருக்கு."

"ஒரு குரூப்புக்குக் குடுத்தது இன்னொரு குரூப்புக்குப் போயிட்டுன்னா ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணுமே இல்லம்மா. இத எழுதுனீங்கன்னா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். டிசம்பரை மறந்துருங்க. எழுதலன்னா..." என்று நிறுத்தினார். "எழுதலன்னா யாரும் கேக்கப் போறதில்ல. யோசிச்சு முடிவு பண்ணுங்க."

கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் என்னைக் கரை சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரம். ஆசை எட்டிப் பார்க்கவே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தே பார்த்தது. வாயை மூடிக்கொண்டால் எனக்குப் பட்டம் கிடைக்கும், கிறிஸ்டி வேலை போய் வீட்டில் உட்காருவாள். மேசை மேல் மீதிப் பழம் இருந்தது. பக்கத்தில் ஒருத்தி சும்மா உட்கார்ந்திருக்கும்போது நான் மட்டும் எப்படி என்று ஒரு பொடிப்பிள்ளை கேட்டதற்கு அப்புறம், அந்தப் பழத்தைத் தின்றவள் வேறு என்ன முடிவு பண்ண முடியும்? உள்ளது உள்ளபடி எழுதுகிறேன் சார் என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை செகரட்டரி அறைக்குப் போனேன். மகாராஜா சார் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கேட்டாரே தவிர ஏற்றுக்கொள்ளவில்லை.

"பிள்ளைய சேந்து உக்காந்து படிச்சா நல்லதுதானம்மா. இனிமேயும் வீடியோவச் சேந்து பாத்துக்கிடட்டும். இதுல கிறிஸ்டி எங்க வாரா?" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்காகப் பாக்கீங்களோ?" என்றார்.

சுர்ரென்று வந்துவிட்டது எனக்கு. "சார், இப்பமே எந்திரிச்சு பி செக்ஷனுக்கு வாங்க. நீங்களே ஒரு பிள்ளையக் கைகாட்டி, நீங்களே கேளுங்க. அதுக்கு மேல நான் ஒரு வார்த்த பேசல" என்றேன். செகரட்டரியிடம் அப்படிப் பேசக் கூடாதுதான். ஆனால் மனிதர் எழுந்து வந்துவிட்டார்.

பி செக்ஷன் மொத்தமும் எழுந்து நின்றது. அவர் கடைசி பெஞ்சைக் காட்டினார். திருவேங்கடம் என்ற ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாரிச்செல்வி. இரண்டாம் ஆண்டு தொடங்கியதிலிருந்து என் வகுப்பில் வாயே திறக்காதவள்.

"மார்ஜினல் காஸ்ட்டுன்னு படிக்கீங்களாமே, அது என்னம்மா?"

மாரிச்செல்வி மெதுவாக ஆரம்பித்தாள். "சார், புளியங்குடில இருந்து கேரளாவுக்கு எலுமிச்ச லோடு போவுது. லாரி வாடக பேசியாச்சு, டிரைவருக்குப் படி குடுத்தாச்சு. கெளம்புத நேரத்துல எலுமிச்ச போட்ட சம்சாரி ஒருத்தரு இன்னொரு மூட்டையக் கொண்டாந்து, இதயும் ஏத்திக்கிடுங்கன்னு சொல்லுதாரு. லாரில எடம் இருக்கு. அந்த ஒரு மூட்டையால கூடுதலா எவ்வளவு செலவு வரும்? சாக்கு, ஏத்துகூலி, எறக்குகூலி. அதுதான் சார்."

செகரட்டரி முன்னால் வந்து பெஞ்சில் கையை ஊன்றிக்கொண்டார். "லாரி வாடக கூடாதோ?"

"எப்படியும் போற லாரிதான சார்."

"லாரி நெறஞ்சிட்டுன்னு வையி. அதுக்கு மேல ஒரு மூட்ட வந்தா?"

அது எந்த வகுப்பிலும் நடத்தாதது. மாரிச்செல்வி கூரையைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள், பிறகு சொன்னாள். "அப்ப அந்த ஒரு மூட்டைக்காக இன்னொரு வண்டி பிடிக்கணும் சார். வண்டி வாடக பூராவும் அது தலையிலதான் விழும். ஏத்தாம விட்டாத்தான் நமக்கு நல்லது."

மகாராஜா சார் வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்க மண்டில வந்து உக்காந்துக்கிடுதியாம்மா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "எந்த வீடியோம்மா இது? எனக்கு ஒண்ணு அனுப்புங்க."

"என் வீடியோல லாட்ஜுதான் சார் வரும். எலுமிச்சையே வராது."

"பின்ன யாரும்மா ஒனக்குச் சொன்னா?" என்று அவளிடமே கேட்டார்.

"கிறிஸ்டி மேம் சார்."

"கிறிஸ்டி ஒங்க செக்ஷனுக்கு வரவே இல்லையே?"

"எங்களுக்கு வரல சார். ஏ செக்ஷனுக்கு நடத்துனாங்க. ஹாஸ்டல்ல என் ரூம்காரி ஏ செக்ஷன். அவ எனக்குச் சொல்லுவா. நான் அவளுக்கு வீடியோ காட்டுவேன்."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். வெளியே போகும்போது பழக்கதோஷத்தில் கை ஃபேன் சுவிட்சுக்குப் போயிற்று. பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். வராந்தாவில் கொஞ்ச தூரம் நடந்த பிறகு நின்றார்.

"கிறிஸ்டிகிட்ட ஒண்ணும் சொல்லிரலையே?"

"சொல்லிட்டேன் சார்."

"அவசரப்பட்டுட்டீங்களே. இல்லன்னு சொல்லிருங்க. ரெண்டும் இருக்கட்டும், கமிட்டில நான் பேசிக்கிடுதேன்." இன்னும் நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினார். "அந்த லாரிக் கணக்குல ஒண்ணு விட்டுப்போச்சு. எறக்குத எடத்துல தரகு உண்டும்மா. அதயும் சேத்து நடத்தச் சொல்லுங்க."

ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னபோது கிறிஸ்டி அழவில்லை, சிரித்தாள். "தரகா? எங்க மாமா அதச் சொல்லவே இல்லையேக்கா" என்றாள். பிறகு பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

என் கதைக்கு வருகிறேன். டிசம்பர் தவணை கைவிட்டுப் போயிற்று. பதவி உயர்வும் அதோடு போயிற்று. கைடு ஒரு வாரம் கழித்து அவராகவே கூப்பிட்டு, தலைப்பை மாற்றிவிடலாம், தவணையை நீட்டிக் கேட்கலாம், பிள்ளைகள் சேர்ந்து படிப்பதையே ஆராய்ச்சியாகச் செய்யுங்கள், அதற்கு முதலில் பஸ்ஸில் போய்ப் பாருங்கள் என்றார். இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். "பீரோவுக்கு இன்னொரு வருசம் பாடமா?" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு வருத்தமாகத்தான் இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் நன்றாகத் தூங்கினேன், பசித்தது, பிள்ளைகளைக் கண்டால் எரிந்துவிழாமல் இருக்க முடிந்தது. சந்தோஷமாக இருந்தேன் என்றே சொல்லிவிடலாம்.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் வடகரைக்குப் போய், கல்லூரி நேரத்துப் பஸ்ஸில் ஏறினேன். நெல் நட்ட வயல்களுக்கு மேல் மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. ஜுஹைனாவும் அனுசியாவும் நகர்ந்து நடுவில் இடம் விட்டார்கள். கொஞ்ச நேரம் நல்ல பிள்ளைகளாகக் கையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

"நான் இல்லன்னு நெனச்சுக்கிடுங்க" என்றேன்.

அனுசியா யோசித்தாள். பிறகு ஹெட்செட்டை எடுத்து, தன் பங்குக் காதை என்னிடம் நீட்டினாள். ஒன்று எனக்கு, ஒன்று ஜுஹைனாவுக்கு. வாங்கி மாட்டிக்கொண்டேன். இத்தனை வீடியோ எடுத்திருக்கிறேன், ஒன்றையாவது படிக்கிற பிள்ளையாக உட்கார்ந்து கேட்டதில்லை. அநியாய வேகம். பிரேக் ஈவன் பாயின்ட்டை யாரோ துரத்துகிற மாதிரி நடத்திக்கொண்டு போனேன். வாடகை, கூலி, விற்பனை, லாபம் என்று அடுக்கி முடித்துவிட்டு, என் குரல் நின்றது.

"புரிஞ்சுதா?"

அப்புறம் ஒரு அமைதி. அந்த அறை, சாத்தின கதவு, எதிரே பீரோ எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன.

"இல்ல மேம்" என்றாள் ஜுஹைனா.

என்னிடம் இல்லை. நான் அவள் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவள் சொன்னது செல்போனிடம். சொல்லிவிட்டு நிறுத்தி வைத்தாள். என் மடிக்கு மேல் சாய்ந்து அனுசியாவைத் தட்டினாள். "ஏட்டி, இந்த பிரேக் ஈவன் எங்கன வருது?"

"அது ஒண்ணுமில்லட்டி. எங்கம்மா கடையப் பாரு. வாடகயும் சரக்கு எடுத்த காசும் வெளிய வார வரைக்கும் வித்ததெல்லாம் நம்மளுக்கு இல்ல. அதுக்கு மேல விக்குத மொத பழம் இருக்குல்லா, அதுல இருந்துதான் நம்மளுக்கு. அந்த எடந்தான் பாயின்ட்டுன்னு கிறிஸ்டி மேம் சொன்னாங்க."

"ஒங்கம்மாவுக்கு எத்தன மணிக்கு வரும்?"

"கூட்டம் இருந்தா மத்தியானம். இல்லன்னா சாயங்காலம் ஆயிரும். மழ பெஞ்சா வரவே வராது."

ஜுஹைனா தலையை ஆட்டினாள். நான் நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச வேண்டிய இடம் இல்லை அது. அவள் மறுபடியும் ஓடவிட்டாள். மீதியிருந்த அமைதியும் ஓடி முடிந்தது.

"சரி" என்றது என் காதுக்குள் என் குரல். "அடுத்ததுக்குப் போவோம்."